ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலை: தண்டனை கிடைத்தது... அமெரிக்க போலீஸ் மாறியதா? கைவிடப்பட்ட ஒப்பந்தத்தின் கதை

'போலீஸ் நடவடிக்கையின்போது மருத்துவப் பிரச்சனை ஏற்பட்டு ஒருவர் மரணம்.'

2020 மே 25-ஆம் தேதி நடந்த ஒரு மரணம் பற்றி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகர போலீஸ் வெளியிட்ட செய்திக்குறிப்பின் தலைப்பு இது. கள்ளநோட்டு புகார் வந்தது, சந்தேக நபர் முரண்டு பிடித்தார், கைவிலங்கு போட்டபோது உடல்நிலை சரியில்லாதது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸை அழைத்தோம், ஆயுதம் எதுவும் பயன்படுத்தவில்லை... குறிப்பு இவ்வளவுதான். கழுத்து என்ற சொல்லோ, முழங்கால் என்ற சொல்லோ அதில் இல்லை.

செய்தி டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படிப்பட்ட குறிப்புகள் தினசரிப் பழக்கம். உண்மையைச் சொல்வதென்றால், அன்று அந்தக் குறிப்பு எங்கள் கைக்கு வந்திருந்தால் நாங்களும் நாலு வரிச் செய்தியாகப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.

அப்படி நடக்காமல் போனதற்குக் காரணம், அந்த நேரம் கடைக்குப் போய்க்கொண்டிருந்த 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர். அவர் தன் செல்போனில் எடுத்த வீடியோவை அன்றிரவே ஃபேஸ்புக்கில் போட்டார். 46 வயது ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் டெரெக் ஷாவின் என்ற போலீஸ் அதிகாரி முழங்காலை அழுத்தி வைத்திருந்ததை உலகமே பார்த்தது. எவ்வளவு நேரம்? விசாரணையில் அரசுத் தரப்பு சொன்ன கணக்கு 9 நிமிடம் 29 விநாடி. 20 டாலர் நோட்டு ஒன்று கள்ளநோட்டாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் தொடங்கிய விவகாரம் இது.

இதன் பிறகு நடந்தது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கோடையில் அமெரிக்கா முழுக்க நடந்த போராட்டங்களில் ஒன்றரைக் கோடி முதல் 2.6 கோடி பேர் வரை கலந்துகொண்டிருக்கலாம் என்று கருத்துக்கணிப்புகளை வைத்து மதிப்பிடப்பட்டது. 2021 ஏப்ரலில் ஷாவின் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. ஜூனில் இருபத்திரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை. உடனிருந்த மூன்று போலீஸாரும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். ஃப்ளாய்ட் குடும்பத்துக்கு நகர நிர்வாகம் 2.7 கோடி டாலர் கொடுத்தது.

ஆக, நீதி கிடைத்துவிட்டது. கதை முடிந்ததா?

2025 மே 21-ஆம் தேதி, ஃப்ளாய்ட் இறந்த ஐந்தாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான்கு நாள் முன்பு, மினியாபோலிஸ் போலீஸைச் சீர்திருத்த நகர நிர்வாகத்துடன் போட்டிருந்த ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக அமெரிக்க மத்திய அரசு அறிவித்தது. அடுத்த வாரமே நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். வீடியோ அளவுக்கு இந்தச் செய்தி யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆனால், போலீஸில் இனப்பாகுபாடு என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள வீடியோவைவிட இந்த ஒப்பந்தம்தான் முக்கியம்.

கொலைக்கு முன்னால் நடப்பது என்ன?

ஒரு போலீஸ்காரர் செய்த கொலையை வீடியோ காட்டிவிடும். ஆனால் பாகுபாடு என்பது பெரும்பாலும் கொலையில் தொடங்குவதில்லை. சாலையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வதில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் போலீஸ் ஒரு காரை நிறுத்த ஏதாவது ஒரு போக்குவரத்து விதிமீறல் இருந்தால் போதும். பின்விளக்கு எரியவில்லை, நம்பர் பிளேட்டில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர் காலாவதி ஆகிவிட்டது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். உண்மையில் போலீஸ் தேடுவது போதைப்பொருளாகவோ துப்பாக்கியாகவோ இருக்கும். விளக்கு வெறும் சாக்கு. இப்படிச் சாக்கு சொல்லி நிறுத்துவது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1996-இல் ரென் வழக்கில் சொல்லிவிட்டது. விதிமீறல் நிஜமாக நடந்திருந்தால் போதும், போலீஸ்காரர் மனதில் என்ன இருந்தது என்று கோர்ட் தோண்டிப் பார்க்காது.

சின்ன விதிமீறல் எந்தக் காரில்தான் இல்லை? நம்ம ஊரில் வாகன சோதனையில் மாட்டிய யாரையும் கேளுங்கள். ஆகவே, யாரை நிறுத்துவது என்பது முழுக்க முழுக்க அந்த அதிகாரியின் கையில் இருக்கிறது.

மினியாபோலிஸை ஒட்டிய பகுதியிலேயே இரண்டு சம்பவங்கள் உண்டு. 2016 ஜூலையில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற ஊரில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற பள்ளி உணவகப் பணியாளரின் காரை நிறுத்திய போலீஸ்காரர் சொன்ன காரணம், பின்விளக்கு. சில நொடிகளில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரது கார் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்து 2021 ஏப்ரல். ஷாவின் மீதான கொலை வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து ஊரான புரூக்ளின் சென்டரில் 20 வயது டான்டே ரைட்டின் கார் நிறுத்தப்பட்டது. காலாவதியான பதிவு ஸ்டிக்கரில் தொடங்கிய அந்தச் சோதனையும் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. மின்அதிர்ச்சி தரும் டேசர் கருவி என்று நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டதாக அந்தப் பெண் அதிகாரி சொன்னார். அவருக்கும் தண்டனை கிடைத்தது.

இரண்டு பேரும் கறுப்பினத்தவர்.

'குற்றம் நடக்கும் இடத்தில்தானே போலீஸ் இருக்கும்?'

பாகுபாடு இருக்கிறது என்று சொன்னதுமே வரும் பதில் இது. மக்கள்தொகையில் ஒரு பிரிவினர் இத்தனை சதவீதம், நிறுத்தப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டால் மட்டும் அது பாகுபாடு என்று நிரூபணம் ஆகிவிடுமா? குற்றம் அதிகமுள்ள பகுதியில் ரோந்து அதிகம், அதனால் அங்கே வசிப்பவர்கள் அதிகம் நிறுத்தப்படுகிறார்கள் என்று போலீஸ் தரப்பு சொல்லலாம். நியாயமான கேள்விதான். அப்படியே ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. சூரியனைப் பயன்படுத்துவது.

மாலை 7 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பல ஊர்களில் கோடைக்காலத்தில் அந்த நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் அதே 7 மணிக்குக் கும்மிருட்டு. அதே சாலை, அதே நேரம், வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டமும் கிட்டத்தட்ட அதே. ஒரே ஒரு வித்தியாசம்தான்: இருட்டில் காருக்குள் இருப்பவரின் நிறம் வெளியே தெரியாது. போலீஸ் விதிமீறலை மட்டும் பார்த்து நிறுத்துகிறது என்றால், வெளிச்சமோ இருட்டோ, நிறுத்தப்படுபவர்களில் கறுப்பின ஓட்டுநர்களின் பங்கு ஒரே அளவில்தான் இருக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குழு சுமார் 9.5 கோடி வாகனச் சோதனைப் பதிவுகளைத் திரட்டி இதைச் சோதித்துப் பார்த்தது. முடிவுகள் 2020-இல் வெளியாகின. இருட்டிய பிறகு கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது. அதாவது முகம் தெரியும்போது அதிகம் நிறுத்தப்படுகிறார்கள். காரை நிறுத்திய பிறகு உள்ளே சோதனை போடுவதிலும், வெள்ளையர் விஷயத்தில் தேவைப்படுவதைவிடக் குறைந்த சந்தேகமே மற்றவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது என்று அதே ஆய்வு சொன்னது. இந்தச் சோதனையில் ஒரு குறையும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தெருவிளக்கு இருக்கிறது, காரின் மாடலைப் பார்த்தே ஓட்டுநரை ஊகிக்கவும் முடியும். ஆனால் 'ரோந்து அதிகம்' என்ற பதிலை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்குவது கஷ்டம்.

சரி, அதிகமாக நிறுத்தினால் குற்றமாவது குறைகிறதா? நியூயார்க்கில் 2011-ஆம் ஆண்டு மட்டும் போலீஸ் சுமார் 6.85 லட்சம் முறை தெருவில் ஆட்களை நிறுத்தி விசாரித்தது. அதில் பத்தில் ஒன்பது பேரிடம் எதுவும் கிடைக்கவில்லை, வழக்கும் இல்லை. பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். அந்த நடைமுறை அரசமைப்புச் சட்டத்தை மீறுகிறது என்று 2013-இல் நீதிபதி ஷிரா ஷெயிண்ட்லின் தீர்ப்பளித்தார். அதன்பின் சில ஆண்டுகளில் இந்தச் சோதனைகள் ஆயிரங்களுக்குச் சரிந்தன. நகரம் சுடுகாடாகும் என்றார்கள். 2017-இல் நியூயார்க்கில் நடந்த கொலைகள் 300-க்கும் கீழே இறங்கின.

இது கறுப்பினத்தவரின் பிரச்சனை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில், மகன் வீட்டுக்கு வந்திருந்த குஜராத் தாத்தா ஒருவர் காலையில் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் யாரோ போலீஸுக்கு போன் செய்து, ஒல்லியான கறுப்பர் ஒருவர் சுற்றித் திரிவதாகச் சொன்னார். வந்த போலீஸ்காரர் கேட்ட ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. தரையில் தூக்கி அடித்ததில் உடல் பகுதியளவு செயலிழந்தது. அந்த போலீஸ்காரர் மீதான வழக்கில் இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் நீதிபதி அவரை விடுவித்தார்.

அந்த ஒப்பந்தம் என்ன?

முதலில் ஒரு விஷயம். நம்ம தமிழ்நாட்டில் கன்னியாகுமரியில் இருந்து சென்னை வரை ஒரே போலீஸ், ஒரே டிஜிபி. அமெரிக்காவில் அப்படி இல்லை. நகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என சுமார் 18,000 தனித்தனி போலீஸ் அமைப்புகள். வாஷிங்டனில் இருந்து ஓர் உத்தரவு போட்டு எல்லோரையும் மாற்ற முடியாது.

இந்தச் சிக்கலுக்கு வழி கிடைத்ததும் ஒரு வீடியோவால்தான். 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை போலீஸார் சுற்றி நின்று அடித்ததை, எதிர் வீட்டு பால்கனியில் இருந்து ஒருவர் கேமராவில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அந்த வழக்கில் போலீஸார் விடுவிக்கப்பட்டதும் நகரமே எரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதன் தொடர்ச்சியாக 1994-இல் வந்த சட்டம், ஒரு போலீஸ் அமைப்பே வழக்கமாக உரிமை மீறலில் ஈடுபட்டால் அந்த அமைப்பின் மீதே வழக்குப் போடும் அதிகாரத்தை மத்திய நீதித்துறைக்குத் தந்தது. (நீதித்துறை என்றதும் கோர்ட் என்று நினைக்க வேண்டாம். இது நம்ம மத்திய சட்ட அமைச்சகம் போல ஓர் அரசுத் துறை. ஆட்சி மாறினால் இதன் போக்கும் மாறும். இது பின்னால் முக்கியம்.)

நீதித்துறை முதலில் விசாரிக்கும், அறிக்கை தரும், பிறகு அந்த நகரத்துடன் பேசி ஒரு சீர்திருத்த ஒப்பந்தம் போடும். அதைக் கோர்ட் ஆணையாக மாற்றும். 'கன்சென்ட் டிக்ரி' என்று பெயர். இதை நிறைவேற்றுகிறார்களா என்று கண்காணிக்க ஒரு சுயேச்சையான குழு இருக்கும். நிறைவேற்றாவிட்டால் நீதிபதி தலையிடுவார்.

2014-இல் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்ட ஃபெர்குசன் நகரத்திலும் இந்த விசாரணை நடந்தது. 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற முழக்கம் 2013-இலேயே பிறந்திருந்தாலும், அது தெருவுக்கு வந்தது ஃபெர்குசனில்தான். அங்கே நீதித்துறை கண்டுபிடித்தது நிற வெறுப்பை மட்டுமல்ல, ஒரு வசூல் இயந்திரத்தையும். நகர பட்ஜெட்டை நிரப்ப அபராதம் போடச் சொல்லி போலீஸுக்கு அழுத்தம். மக்கள்தொகையில் 67 சதவீதம் இருந்த கறுப்பினத்தவர், கைது செய்யப்பட்டவர்களில் 93 சதவீதம்.

மினியாபோலிஸில் இரண்டு விசாரணைகள் நடந்தன. மினசோட்டா மாநில மனித உரிமைத் துறை 2022 ஏப்ரலில் தன் அறிக்கையை வெளியிட்டது. நகர மக்களில் சுமார் 19 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனால் 2010 முதல் 2020 வரை போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியதாகப் பதிவான சம்பவங்களில் 63 சதவீதம் அவர்கள் மீது. குற்றத்துடன் தொடர்பே இல்லாத கறுப்பின அமைப்புகளை உளவு பார்க்க போலீஸார் போலி சமூக ஊடகக் கணக்குகள் வைத்திருந்ததும் அதில் வெளிவந்தது.

அடுத்து 2023 ஜூனில் மத்திய நீதித்துறையின் 89 பக்க அறிக்கை. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் 6.5 மடங்கு அதிகம் நிறுத்தப்பட்டார்கள் என்றது. இந்த அறிக்கையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் வேறு. ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, நிறுத்தியவரின் இனத்தைப் பதிவு செய்யும் கட்டத்தையே பல போலீஸார் நிரப்பாமல் விட ஆரம்பித்தார்கள். இனம் பதிவான சோதனைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாகுபாட்டைக் குறைப்பதற்குப் பதிலாக, பாகுபாட்டின் கணக்கைக் குறைத்துவிட்டார்கள்!

கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஷாவினே சாட்சி. 2017-இல் அவர் 14 வயது சிறுவன் ஒருவனை டார்ச்லைட்டால் அடித்து, கழுத்தில் முழங்காலை வைத்திருந்தார். அதே ஆண்டு ஒரு பெண்ணின் கழுத்திலும் அப்படியே. இந்த இரண்டு வழக்குகளுக்காக மட்டும் நகரம் 2023-இல் சுமார் 89 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்தச் சம்பவங்கள் நடந்தபோது போலீஸின் உடல் கேமராக்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வீடியோ இல்லாமல் இல்லை. அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவேண்டிய மேலதிகாரிகள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் 2020 மே மாதம் அவர் சீருடையில் இருந்திருப்பாரா?

'பொலிட்டிக்ஸ்' எங்கே இடறியது?

2020 ஜூனில் மினியாபோலிஸ் நகர மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேர், இப்போதிருக்கும் போலீஸ் துறையையே கலைப்போம் என்று ஒரு பூங்கா மேடையில் உறுதியளித்தார்கள். 2021 நவம்பரில் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது நகர மக்களே நிராகரித்தார்கள். எதிராக சுமார் 56 சதவீதம். குற்றங்கள் அதிகரித்திருந்த நேரம் அது. மோசமான போலீஸ் வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் போலீஸே வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை இயக்கத்தின் ஒரு பகுதி புரிந்துகொள்ளத் தவறியது என்றுதான் தோன்றுகிறது.

ஜார்ஜ் ஃப்ளாய்ட் பெயரிலேயே வந்த மத்திய சட்ட மசோதா பிரதிநிதிகள் சபையில் இரண்டு முறை நிறைவேறி, செனட்டில் செத்துப்போனது. பேச்சுவார்த்தை சிக்கிக்கொண்ட முக்கியமான முடிச்சு 'குவாலிஃபைட் இம்யூனிட்டி'. உரிமை மீறிய போலீஸ்காரர் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், இதே மாதிரி செயல் தவறு என்று முந்தைய தீர்ப்பில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். சட்டப்புத்தகத்தில் இல்லாத, நீதிமன்றமே உருவாக்கிய பாதுகாப்பு இது. கொலராடோ, நியூ மெக்சிகோ போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநிலச் சட்டப்படியான வழக்குகளில் இதை நீக்கின. நாடு தழுவிய அளவில் அப்படியே இருக்கிறது.

மிச்சம் இருந்தது கன்சென்ட் டிக்ரி. 2025 ஜனவரி 6-ஆம் தேதி மினியாபோலிஸ் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது, கோர்ட்டிலும் தாக்கலானது. இரண்டே வாரத்தில் டிரம்ப் பதவியேற்றார். தவறு செய்த மத்திய போலீஸ் அதிகாரிகளின் விவரத்தைத் தொகுத்த தேசியத் தரவுத்தளம் அந்த ஜனவரியிலேயே மூடப்பட்டது. மே மாதம் மினியாபோலிஸ், லூயிவில் ஆகிய இரண்டு நகரங்களின் ஒப்பந்தங்களும் கைவிடப்பட்டன. ஃபீனிக்ஸ், மெம்பிஸ் உள்ளிட்ட இடங்களின் விசாரணை முடிவுகளும் திரும்பப் பெறப்பட்டன. அறிவித்தவர் சிவில் உரிமைப் பிரிவின் தலைவர் ஹர்மீத் தில்லான், சண்டிகரில் பிறந்தவர்.

அரசு சொன்ன காரணம்: வெறும் புள்ளிவிவர வித்தியாசத்தை வைத்துத் திட்டமிட்ட பாகுபாடு என்று முந்தைய அரசு முடிவு கட்டிவிட்டது, உள்ளூர் போலீஸை வாஷிங்டனும் கோர்ட்டும் ஆண்டுக்கணக்கில் நிர்வகிப்பது சரியல்ல, செலவும் அதிகம். செலவு பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் இப்படிப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர பத்தாண்டுக்கு மேல் ஆனது. ஆனால் புள்ளிவிவரம் போதாது என்பவர்கள், புள்ளிவிவரத்துக்கான கட்டமே நிரப்பப்படாததைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

காகிதத்தில் எழுதுவது யார் என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல. அமெரிக்கா கொந்தளித்த அதே 2020 ஜூனில்தான் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தார்கள். இந்தியாவின் ஜார்ஜ் ஃப்ளாய்ட்கள் என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள். அங்கே காரணம் நிறமல்ல, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லப்பட்ட புகார். ஆனால் ஒன்று ஒத்துப்போகிறது: தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்றுதான் எஃப்ஐஆரில் எழுதப்பட்டிருந்தது. மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனபோது, காவல் நிலைய சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

இப்போது மினியாபோலிஸில் என்ன நிலைமை?

மத்திய அரசு விலகினாலும் எல்லாம் போய்விடவில்லை. மாநில மனித உரிமைத் துறையுடன் நகரம் போட்ட ஒப்பந்தத்தை மாநில நீதிமன்றம் 2023 ஜூலையிலேயே ஏற்றுக்கொண்டது. வாஷிங்டனில் யார் ஆட்சிக்கு வந்தாலும் அதைத் தொட முடியாது. கண்காணிக்க சுயேச்சையான குழுவும் இருக்கிறது. மத்திய ஒப்பந்தத்தில் இருந்த சீர்திருத்தங்களையும் தாங்களாகவே செய்வோம் என்று மேயர் ஜேக்கப் ஃப்ரே அறிவித்தார். மேயரின் வாக்குறுதிக்கும் நீதிபதியின் ஆணைக்கும் வித்தியாசம் உண்டு, அது தனிக்கதை.

அந்த மாநில ஒப்பந்தப்படி, பின்விளக்கு எரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மினியாபோலிஸ் போலீஸ் ஒருவரின் காரை நிறுத்தக் கூடாது. கஞ்சா வாசனை வருகிறது என்று சொல்லி சோதனை போடக் கூடாது. ஃபிலாண்டோ காஸ்டில் இன்று இருந்து, அந்த நகரத்தின் வழியாக வேலைக்குப் போனால், விளக்கு உடைந்திருந்தாலும் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் அவர் சுடப்பட்ட ஃபால்கன் ஹைட்ஸ் மினியாபோலிஸ் எல்லைக்குள் இல்லை. எல்லையைத் தாண்டினால் போலீஸ் வேறு, ஒப்பந்தமும் கிடையாது.